மருத்துவ நெருக்கடியும் மதுபோதையில் வாகனம் ஓட்டும் குற்றமும்: இங்கிலாந்துச் சட்ட வரலாறு

மது அருந்திய ஒருவர், உயிருக்குப் போராடும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் ஓட்டினால் அது குற்றமா என்பது இங்கிலாந்து நீதிமன்றங்கள் பலமுறை சந்தித்த கேள்வி. அந்நாட்டுச் சட்டம் இதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. ஒன்று குற்றம் பற்றியது. மற்றொன்று ஓட்டுநர் உரிமம் பற்றியது.

சட்டத்தின் வளர்ச்சி

1872ஆம் ஆண்டுச் சட்டம் குடிபோதையில் குதிரை வண்டி, கால்நடை, நீராவி இயந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1925இல் மோட்டார் வாகனங்களும் இதில் சேர்ந்தன. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், குற்றவாளி 12 மாதங்களுக்கு வாகனம் ஓட்டத் தடை விதித்தது. ‘சிறப்புக் காரணங்கள்’ இருந்தால் மட்டும் நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம்.

அக்காலத்தில் ஓட்டுநர் நிதானம் இழந்திருந்தார் என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம் புதிய குற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தாலே குற்றம். நிதானமாகவே ஓட்டினேன் என்ற வாதம் இதற்குப் பயன்படவில்லை. ஏன் ஓட்டினார் என்பதே முக்கியமானது.

சூழ்நிலை நிர்ப்பந்தம்

கடலில் பசியால் வாடியபோது உடனிருந்த சிறுவனைக் கொன்ற மாலுமிகளின் ‘வேறு வழியில்லை’ என்ற வாதத்தை, 1884இல் டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை. இதனால் நீதிபதிகள் நீண்டகாலம் இவ்வாதத்தைத் தயக்கத்துடனே அணுகினர். 1980களில் ‘சூழ்நிலை நிர்ப்பந்தம்’ என்ற எதிர்வாதம் உருப்பெற்றது. 1989ஆம் ஆண்டின் மார்ட்டின் வழக்கு இதற்கு இரண்டு சோதனைகளை வகுத்தது. மரணம் அல்லது கடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சியே அவர் ஓட்டினாரா? நிதானமுள்ள சராசரி மனிதரும் அப்படியே செய்திருப்பாரா? இவ்வாதம் வென்றால் ஓட்டுநர் விடுதலை பெறுவார். எனினும் ஆபத்து நீங்கிய பிறகும் ஓட்டியவரை இது காப்பதில்லை.

உரிமத்தைக் காக்கும் வழி

குற்றம் உறுதியானாலும், உண்மையான நெருக்கடியைச் சிறப்புக் காரணமாகக் கொண்டு உரிமத்தைப் பறிக்காமல் விடலாம். 1974ஆம் ஆண்டின் டெய்லர் எதிர் ராஜன் வழக்கு இதற்கு முக்கிய வழிகாட்டி. இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் இச்சலுகையை மிக அரிதாகவே வழங்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. வேறு வழிகளைத் தேடினாரா என்பதும் பார்க்கப்படும். அவசர உதவிக்கான 999 தொலைபேசி எண் லண்டனில் 1937ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. ஆம்புலன்ஸ், டாக்சி, அண்டை வீட்டார் என எதையும் நாடாமல் சாவியை எடுத்தவரின் வாதம் பலவீனமாகிறது.

1998இல் வெளியான தீர்ப்பு ஒன்று இதற்கு எளிய அளவுகோலைத் தந்தது. மது அருந்தாத, பொறுப்புள்ள, ஆனால் வாகனம் ஓட்டாத நண்பர் அருகில் இருந்திருந்தால், ஓட்டு என்று சொல்லியிருப்பாரா, ஓட்டாதே என்று சொல்லியிருப்பாரா? வண்டிக்குள் இருக்கும் நோயாளியின் உயிருடன், சாலையில் எதிரே வருபவரின் உயிரையும் அந்த நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.