தட்டைநிற நிலைப்பொருள் ஓவியம்

ஒளி நிழல் காட்டாமல், ஒவ்வொரு பொருளையும் ஒரே நிறம் பூசிய வடிவமாகத் தீட்டும் முறை. முதன்முதலாகத் தூரிகை பிடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஐரோப்பாவில் ஆன்ரி மத்தீசு (1869–1954) முதுமையில் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி இவ்வழியில் வெகுதூரம் சென்றார்.

கேரளத்தின் தமிழக எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களில் இந்தப் பயிற்சிக்கான பொருள்கள் வீட்டிலேயே உண்டு: கிண்டி (மூக்குள்ள நீர்ப்பாத்திரம்), செந்துளுவன் வாழைப்பழம், பாலராமபுரம் கைத்தறி முண்டு. முண்டை விரித்து மற்ற இரண்டையும் அதன்மேல் வையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வடிவங்கள் மட்டும் நிற்கும். கோட்டுருவம் போட்டபின் பின்னணி, முண்டு, கிண்டி, பழம் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வர வேண்டும். போஸ்டர் கலரைத் தயிர்ப் பதத்தில் குழைத்துக்கொள்க. நீர் மிகுந்தால் திட்டுத் திட்டாகும். காய்ந்த பூச்சும் ஈரத்தில் கரையும் என்பதால் இரண்டாம் பூச்சை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். கிண்டி மூக்குக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் ஒரு வடிவம்தான். அதைச் சரியாகப் பிடித்தால் கிண்டி தானே அமைந்துவிடும்.

நிறத்தை எண்ணி ஐந்துக்குள் நிறுத்துவது நல்லது. பொடிகளால் தரையில் உருவம் வரையும் கேரளக் களமெழுத்தே அதற்குச் சான்று: அரிசிமாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள், இலைப்பொடிப் பச்சை, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு. இவ்வளவைக் கொண்டே தரையில் பத்திரகாளியின் முழு உருவம் எழுகிறது.