ஆவாரம் விதை முளைக்கவே மாட்டேங்குதா? காரணம் அதோட தோல்தான்!

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் பக்கம் மானாவாரிக் காட்டோரம் தானாகவே பூத்துக் கிடக்கும் ஆவாரை, நாம விதை போட்டால் மட்டும் அடம்பிடிக்கும். சொத்தை விதைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. தோல் கெட்டி என்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் மொத்தமாகக் காய்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதுதான் விதை உறக்கம்.

ஐப்பசி மழையை விட்டால் ஒரு வருஷம் போச்சு. அதனால் விதைப்பதற்கு முந்தைய நாளே, கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு விதையைப் போடுங்க. அடுப்பிலேயே வேகவிட்டால் கரு செத்துடும். அப்படியே ஆறி, ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் உப்பியதை மட்டும் உடனே விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்க.