ரோமர் நீங்கிய பிரிட்டன்: போரும் பாடலும்

கி.பி. 407இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் பிரிட்டனின் படைகளைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பியப் பெருநிலத்திற்குக் கடல் கடந்தான், மீளவில்லை. 410ஐ ஒட்டி அத்தீவில் ரோமர் ஆட்சி முடிவுற்றது. புதிய நாணயங்களின் வரவும் அருகி நின்றது. வரியால் ஊதியம், ஊதியத்தால் படை என்றிருந்த பிணைப்பு அறுந்தது.

எனினும் போர் ஓயவில்லை. அது நிலைப்படையின் கையிலிருந்து தலைவர்களின் கூடங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பர்டோஸ்வால்ட் கோட்டையில் படைக்குரிய தானியக் களஞ்சியம் ஒன்று இடிந்தபின், அதே இடத்தில் பெரிய மரக்கூடம் எழுந்தது. தென்மேற்கில் சவுத் கேட்பரி என்னும் பழைய மலைக்கோட்டைக்குப் புதிய அரண் எழுப்பினர். மத்தியதரைக் கடற்பகுதியின் சாடி ஓடுகள் அங்குக் கிடைத்துள்ளன. ஆள்வோர்க்குத் தொலைவாணிகம் முற்றும் அற்றுப்போகவில்லை என்பதற்கு அவை சான்று.

அக்காலப் படைகள் சிறியவை. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைச் சாக்சன் மன்னன் ஈனே வகுத்த சட்டம், 7 பேர் வரை திருடர் என்றும், 7 முதல் 35 பேர் வரை கூட்டம் என்றும், அதற்கு மேற்பட்டால் படை என்றும் வகைப்படுத்துகிறது. கொள்ளைக்கும் போருக்கும் இடையே இருந்த எல்லை எத்துணை மெல்லியது என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

ஊதியமில்லா வீரனைத் தலைவனோடு பிணைத்தவை விருந்தும், கொடையும், புகழும். புகழை வழங்கியவன் பாடகன். ஆகவே அவனும் போரின் ஓர் உறுப்பே. கில்டாஸ் என்னும் துறவி, மன்னன் மக்லோகூனஸ் இறைபுகழைக் கேளாது தன் புகழ்பாடுவோர்க்கே செவி சாய்ப்பதாகக் கடிந்தெழுதினார். குடிகளைக் காக்கத் தவறிய கொற்றத்திற்குப் புகழ்மொழி திரையாகும் என்பதே அவர் சினத்தின் உட்பொருள்.

அனைரின் பாடியதாக வழங்கும் ‘கொடோதின்’ வேறொரு முகத்தைக் காட்டுகிறது. இன்றைய எடின்பரோவில் ஓராண்டு தேன்மது விருந்துண்ட 300 வீரர், கட்ரைத் என்னுமிடத்தில் பொருது ஏறத்தாழ முற்றும் மாண்டனர் என்கிறது அது. கி.பி. 600ஐ ஒட்டிய நிகழ்ச்சியாக அதனைக் கருதுவர்; கைக்கிடைத்துள்ள ஏடோ 13ஆம் நூற்றாண்டினது. உண்ட தேன்மதுவுக்கு உயிரே விலையாயிற்று என்ற துயரம் அதில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. வெற்றியைப் பாடுவது பாடகனுக்கு எளிது, பரிசில் உண்டு. அனைரினின் பாடலோ தோற்று வீழ்ந்தவரைப் பெயர் சொல்லி நினைக்கிறது. எனினும், அவ்வோராண்டு விருந்துக்கு விளைத்துக் கொடுத்த உழவர் பெயர் அதில் இல்லை.