கோப்புப் போர் – 6: ஸ்டாக்ஹோமில் ஒரு திங்கட்கிழமை

எக்செல்லைத் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் 60 என்று அடியுங்கள். அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படியொரு நாள் விடியவே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் இருந்த பிழை அது. லோட்டஸ் கோப்புகள் தன்னிடமும் கணக்குப் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக எக்செல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் கிடக்கும்வரை அதில் பெரிய நஷ்டமில்லை. அதையே உலகத் தரமாக எழுதிவைத்தால், இனி விரிதாள் மென்பொருள் செய்ய வருகிற அத்தனை பேரும் இல்லாத ஒரு நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். என்ற கோப்பு வடிவத்தின் வரைவில் அந்த நாள் இருந்தது. ‘வேர்டு 95 செய்ததுபோல இடைவெளி விடு’ என்ற பொருளில் ஒரு கட்டளையும் இருந்தது. வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டது என்ற விளக்கம் இல்லை. மொத்தம் 6,000 பக்கங்களுக்கு மேல். 2006 டிசம்பரில் எக்மா என்ற தர அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற அந்த வரைவு, உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் விரைவு வழிக்குள் நுழைந்ததைப் போன வாரம் பார்த்தோம். போட்டி வடிவமான ஓ.டி.எஃப். அதே ஆண்டிலேயே ஐ.எஸ்.ஓ. தரமாகியிருந்தது. மாசசூசெட்ஸ் அரசைப்போல, ‘எங்கள் ஆவணங்கள் திறந்த தரத்தில்தான் இருக்க வேண்டும்’ என்று அரசுகள் பேசத் தொடங்கிய காலம். மைக்ரோசாஃப்ட்டுக்கு அந்த முத்திரை கட்டாயம் தேவைப்பட்டது. வாக்களிக்கக் கடைசி நாள் 2007 செப்டம்பர் 2.

ஐ.எஸ்.ஓ.வில் நாட்டுக்கு ஒரு வாக்கு. அது எந்தப் பக்கம் விழும் என்பதை அந்தந்த நாட்டின் தர அமைப்பு முடிவுசெய்யும். ஸ்வீடனில் அந்த அமைப்பின் பெயர் எஸ்.ஐ.எஸ். அப்போது அதன் பணிக்குழுவில் கட்டணம் கட்டும் எந்த நிறுவனமும் சேர முடிந்தது; சேர்ந்தவுடன் வாக்களிக்கவும் முடிந்தது. மாதக்கணக்கில் வரைவைப் புரட்டியவருக்கும் ஒரு வாக்கு, அன்று காலை கதவைத் திறந்து வந்தவருக்கும் ஒரு வாக்கு.

ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. பல மாதங்களாக வரைவை அலசிக்கொண்டிருந்த சிறு குழுவின் கூட்டத்துக்குக் கடைசி நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புதிய நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டின் வணிகக் கூட்டாளிகளான கோல்டு பார்ட்னர்கள். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 25, எதிர்ப்பு 6, நடுநிலை 3. ஸ்வீடன் ‘ஆம்’ என்றது.

இரண்டே நாளில் ஒரு மின்னஞ்சல் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்வீடனில் இருந்த மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் பார்ட்னர் நிறுவனங்களுக்கு எழுதியது. குழுவில் சேர்ந்து ஆதரவாக வாக்களியுங்கள். பதிலுக்கு விளம்பரச் செலவில் உதவியும் கூடுதல் ஆதரவும் கிடைக்கும் என்பதே அதன் சாரம். மின்னஞ்சல் போனது உண்மைதான், அது தவறு என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. ஒரு ஊழியர் தானாகச் செய்த பிழை, உடனே திருத்திவிட்டோம் என்பது அதன் வாதம்.

ஆகஸ்ட் 30 அன்று எஸ்.ஐ.எஸ். அந்த வாக்கெடுப்பைச் செல்லாது என்று அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணம் மின்னஞ்சல் அல்ல! ஒரு நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு போட்டிருந்தது, அது விதிமீறல். கடைசி நேரத்தில் கூட்டமாக வந்து வாக்களித்ததை எந்த விதியும் தடுக்கவில்லை. என்னை உலுக்குவது இதுதான். மக்களின் நிலப்பதிவும் நீதிமன்றத் தீர்ப்பும் நாளை எந்த வடிவத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அறைக்குக் காவல் என்று எதுவுமே இருக்கவில்லை. எதிர் அணியில் நின்ற ஐ.பி.எம்.மும் பல நாடுகளில் ஆதரவு திரட்டியது உண்மை. ஆனால் அதனால் கதவு திறந்து கிடந்தது சரியாகிவிடாது.

மறுபடி கூடி வாக்களிக்க நேரமில்லை. ஸ்வீடன் நடுநிலை என்று பதிவானது.

அதே கோடையில் இன்னொரு பக்கமும் அசைந்தது. ஜமைக்கா, மால்டா, லெபனான், கோட் டிவார், கஜகஸ்தான் என்று பல நாடுகள் அடுத்தடுத்து ஐ.எஸ்.ஓ. குழுவில் முழு உறுப்பினர்களாகத் தகுதி உயர்த்திக்கொண்டன. அப்படிப் புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை ‘ஆம்’ என்றன. இந்தியா, குறைகளைப் பட்டியலிட்டு ‘இல்லை’ என்றது.

செப்டம்பர் 4 அன்று முடிவு வந்தது. முழு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. கிடைத்தது 32க்கு 17. மொத்த வாக்குகளில் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டியிருந்தது. வரைவு தோற்றது.

ஆனால் விரைவு வழியின் அன்றைய விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. குறைகளுக்குப் பதில் சொல்லி ஒரு கூட்டம் நடத்தலாம். அதன்பின் 30 நாட்களுக்குள் எந்த நாடும் தன் வாக்கை மாற்றிக்கொள்ளலாம். நாடுகள் அனுப்பிய குறிப்புகள் 3,522. அவற்றுக்கு எக்மா தயாரித்த பதில்கள் ஆயிரத்துக்கும் மேல். கூட்டத்துக்குக் குறித்த நாள் 2008 பிப்ரவரி 25, இடம் ஜெனீவா. ஒதுக்கிய காலம் ஐந்தே நாள். மேசையில் இருந்த பதில்களில் பெரும்பாலானவற்றைப் பேசக்கூட நேரம் போதாது என்பது பிரதிநிதிகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பேசாத பதில்களை என்ன செய்வது? அவர்கள் தேர்ந்தெடுத்த வழி அடுத்த வாரம்.

(தொடரும்)