தலையில் தடவிய அமினோ அமிலம்

நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரையொட்டிய பண்ணைக் குடும்பம் ஒன்றில் சதர்லாந்து சகோதரிகள் ஏழு பேர். நன்றாகப் பாடுவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள். ஆனால் 1880களில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் அவர்களைப் பார்க்கக் கூடிய கூட்டம் பாட்டுக்காக வந்ததல்ல. எழுவரும் கூந்தலை அவிழ்த்துவிடும் அந்தக் காட்சிக்காக வந்தது. ஏழு பேரின் முடியையும் கூட்டினால் 37 அடி என்று விளம்பரம் முழங்கியது. அவர்களின் தந்தை ஃபிளெட்சர் சதர்லாந்து விவரமான மனிதர். மகள்களின் படத்தை அச்சிட்டு, ‘ஹேர் குரோயர்’ என்ற பெயரில் தைலப் புட்டிகளை விற்கத் தொடங்கினார். பணம் கொட்டியது, குடும்பம் மாளிகை கட்டிக்கொண்டது.

புட்டியில் இருந்தது என்ன? பகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, பெரும்பாலும் விட்ச் ஹேசல் செடியின் வடிநீரும் பே ரம் என்ற வாசனைச் சாராயமும்தான். சகோதரிகளின் கூந்தல் வளர்ந்தது முன்பு, தைலம் வந்தது பின்பு என்பதை வாங்கியவர்கள் யோசிக்கவில்லை. 1920களில் பெண்கள் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொள்ளும் ‘பாப்’ மோகம் வந்தது. எந்த ஆய்வாலும் சாய்க்க முடியாத அந்த வியாபாரத்தைக் கத்தரிக்கோல் சாய்த்தது.

அதற்குள் புட்டிகளின் பேச்சே மாறத் தொடங்கியிருந்தது. மூலிகை, ரகசியச் செய்முறை, பாட்டி வைத்தியம் எல்லாம் பின்னுக்குப் போயின. ‘ஊட்டச்சத்து’ என்ற வாதம் முன்னுக்கு வந்தது. அதற்கு வேதியியல் துணை இருந்தது. 1810இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று சிஸ்டின் எனப்படும் அமினோ அமிலம் அது. நோயாளியின் சிறுநீர்ப்பைக் கல்லில் கிடைத்த பொருளுக்கும் முடிக்கும் என்ன உறவு என்பது தெரிய ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1899இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் மோர்னர் மாட்டுக் கொம்பிலிருந்து அதே சிஸ்டினை எடுத்துக் காட்டினார். கொம்பு, நகம், ரோமம், தலைமுடி எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டிவைப்பது சிஸ்டின்.

இங்கேதான் ஒரு குறுக்குவழி பிறந்தது. முடி அமினோ அமிலத்தால் ஆனது. ஆகவே அமினோ அமிலத்தைத் தலையில் தடவினால் முடி வளரும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இந்த வாதத்துக்குப் பக்கபலமாக ஆய்வுக்கூடச் செய்திகளும் வந்தபடி இருந்தன. பேண்டோதெனிக் அமிலம் என்ற வைட்டமின் இல்லாத தீனியைத் தின்ற கறுப்பு எலிகளின் ரோமம் நரைத்தது. அதன் வழித்தோன்றலான பேண்டெனாலை வைத்து, 1940களில் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் பேண்டீனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதைவிட வலுவான சான்று ஆஸ்திரேலியாவின் ஆடுகளிடமிருந்து கிடைத்தது. அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ரைஸ், ஷிங்கல் இருவரும் 1963இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆடு தின்னும் புரதத்தை அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே சிதைத்துவிடும். அதனால் அவர்கள் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களை நேரே நான்காம் இரைப்பைக்குக் குழாய் வழியே செலுத்தினார்கள். கம்பளி கணிசமாகக் கூடுதலாக வளர்ந்தது.

அமினோ அமிலம் ரோமத்தை வளர்த்தது உண்மை. ஆனால் அது போன வழி குடல், ரத்தம், பிறகு மயிர்க்கால். ஆட்டின் முதுகில் யாரும் எதையும் தடவவில்லை. புரதப் பஞ்சத்தில் வாடும் குழந்தைகளிடமும் இதே கதைதான். குவாஷியோர்கர் என்ற அந்த நோயில் முடி மெலிந்து, செம்பட்டையாகி உதிரும். நல்ல சாப்பாடு கிடைத்ததும் திரும்பி வளரும்.

ஆண்களின் வழுக்கையோ வேறு சங்கதி. அண்ணகர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பது ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே கவனித்து எழுதப்பட்ட செய்தி. 1942இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் அதை நிலைநாட்டினார்: பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் இருந்தால்தான் வழுக்கை விழுகிறது, விதை நீக்கப்பட்டவர்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தால் அவர்களுக்கும் விழுகிறது. ஆக, நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் உச்சந்தலை காலியாவது சத்துக் குறைவால் அல்ல, மயிர்க்கால் சுருங்கிப்போவதால். அங்கே அமினோ அமிலத்தை ஊற்றுவது, தறி நின்றுபோன வீட்டில் நூல் கண்டுகளைக் கொண்டுவந்து அடுக்குவது மாதிரி.

ஊற்றினாலும் உள்ளே போகுமா என்பது அடுத்த கேள்வி. தோலின் மேலடுக்கு கொழுப்பு பூசிய மதில். நீரில் எளிதாகக் கரையும் அமினோ அமிலங்களுக்கு அது சுலபமாக வழிவிடாது. வேடிக்கை என்னவென்றால், அந்த மேலடுக்கிலேயே ஈரப்பதத்தைப் பிடித்துவைக்கும் அமினோ அமிலங்கள் இயற்கையாகவே ஏராளமாக இருக்கின்றன.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. முடி வளர்க்கும் பூச்சுகள் விஷயத்தில் நிதானமாகவே நடந்தது. 1980இல் நிபுணர் குழுவின் அறிக்கை, 1985இல் வரைவு விதி, கடைசியில் 1989 ஜூலை 7 அன்று இறுதி ஆணை. மருந்துச் சீட்டு இல்லாமல் முடி வளர்ச்சிக்கென்று விற்கப்பட்ட பூச்சுப் பொருட்களின் பட்டியல் ஒன்று அந்த ஆணையில் உண்டு. அகர வரிசையில் முதலில் நிற்பது அமினோ அமிலங்கள். பின்னாலேயே பயோட்டின், டெக்ஸ்பேண்டெனால், ஹோஹோபா எண்ணெய், லனோலின், பாலிசார்பேட் 60, கோதுமை முளை எண்ணெய் என்று நீள்கிறது. பாதுகாப்பையும் பலனையும் நிறுவப் போதிய சான்று இல்லை என்பதே எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு. முடி வளர்க்கும் என்று சொல்லி இனி விற்கக் கூடாது என்ற தடை 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பட்டியலிலுள்ள பாலிசார்பேட் 60 தனிக்கதை. ‘ஹெல்சின்கி ஃபார்முலா’ என்ற பெயரில் 1980களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் ஓயாமல் ஓடியது. வணிகத்தைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. 1988இல் வழக்குப் போட்டது. பயன்படுத்தியவர்களில் சிலர் உண்மையாகவே திருப்தி அடைந்திருக்கிறார்களே என்று விற்ற நிறுவனம் வாதாடியது. நம்பிக்கையால் மட்டும் விளையும் பலனைப் பொருளின் பலனாக விளம்பரம் செய்வது பொய் விளம்பரமே என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்னது.

அந்த வாடிக்கையாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்த மருந்தாகப் பிறந்து, 1988இல் எஃப்.டி.ஏ.வின் ஒப்புதலோடு தலைக்கு ஏறிய மினாக்ஸிடிலின் சோதனைகளையே பார்க்கலாம். மருந்து தடவிய ஆண்களில் 26 சதவீதம் பேர் நான்கு மாதத்தில் ஓரளவுக்கு மேல் முடி வளர்ந்ததாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெறும் திரவத்தைத் தடவியவர்களிலும் 11 சதவீதம் பேர் அப்படியே சொன்னார்கள். அந்த 11 சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் சதர்லாந்து காலம் முதல் எல்லாத் தைலங்களும் பிழைத்தன.

அமினோ அமிலங்களைச் சுத்தமாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஷாம்பூவிலும் கண்டிஷனரிலும் அவை முளைத்துவிட்ட முடியின் ஈரத்தைக் காக்கும், சீவும்போது முறியாமல் இருக்க உதவும். அதற்கு அவை உருப்படியான சரக்கு. சிஸ்டின் எடுக்கும் தொழிலின் மூலப்பொருள்களில் மனித முடியும் ஒன்று. பறவை இறகையோ முடியையோ அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரிப்பார்கள். கோயில்களில் காணிக்கையாகும் முடியில் நீளமானது விக்குக்குப் போகிறது. விக்குக்கு உதவாத குட்டை முடிக்கு இந்தத் தொழிலில் சந்தை உண்டு. ஒருவர் மழித்த முடி இன்னொருவர் தலைக்குப் பூச்சாக வரலாம், முடியாக முளைக்காது.

இந்தியாவிலும் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘அட்டவணை ஜே’ என்று ஒன்று இருக்கிறது. எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்கள், நிலைமைகளின் பட்டியல் அது. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கும் அதே வரிசையில் வழுக்கையும் இருக்கிறது. புது முடி வளர்ப்பதும் இருக்கிறது. பல விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வுக்கு மட்டும்’ என்ற ஒரு வரி ஓடுகிறது. அடுத்த முறை ஆயிரம் ரூபாய் கொடுத்து அமினோ அமில சீரம் வாங்குகிறவர்கள், முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தை முதலில் படித்துவிடுங்கள்.