ஜவ்வரிசி வந்த வழி

கோடை விடுமுறையில் வெளியூர்ப் பிரயாணம் மேற்கொள்ளாமல் இல்லத்திலேயே தங்கிவிடும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நெடுநாளாக வாய்த்திருக்கும் கூட்டுவேலை வடகம் போடுவதாகும். முதல்நாள் இரவு ஊறவைத்த ஜவ்வரிசியை விடியற்காலையில் கொதிநீரில் இட்டுக் கிளறுவர். மணியின் நடுவில் தங்கிய வெண்புள்ளி மெல்லச் சுருங்கி மறைந்து, மணி முழுவதும் கண்ணாடியாகும் பக்குவத்தில் உப்பும் அரைத்த பச்சைமிளகாயும் சீரகமும் சேர்த்து இறக்கி, மொட்டைமாடியில் விரித்த ஈரவேட்டியின்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றுவர். காக்கை ஓட்டுவது சிறுவர் பொறுப்பு. காய்ந்தபின் வேட்டியைத் திருப்பிப் பின்புறம் நீர் தெளித்து, கிழியாமல் உரித்தெடுப்பது பாட்டிமார் பொறுப்பு. அடுப்படியில் இத்துணை உரிமையோடு புழங்கும் இப்பொருளின் பெயரில் அரிசி இருக்கிறது. பொருளில் அரிசியின் அம்சம் சிறிதும் இல்லை.

ஜாவாத் தீவிலிருந்து வந்த அரிசியாதலின் ஜவ்வரிசியாயிற்று என்று பலர் கூறுவர். கேட்பதற்கு இனிதாயினும், அண்டை மொழிகளை ஒப்புநோக்கினால் இக்கூற்று நிலைபெறுவது கடினம். தெலுங்கர் இதனைச் சக்குபிய்யம் என்பர். கன்னடர் சப்பக்கி என்பர். மலையாளிகள் சவ்வரி என்பர். பிய்யம், அக்கி, அரி மூன்றும் அரிசியே. எஞ்சி நிற்கும் முற்பகுதி, மலாய் மொழியில் ஒருவகைப் பனைமரத்தின் மாவைக் குறிக்கும் ‘சாகு’ என்பதன் திரிபு என்று கொள்வதே தகும்; மராத்தியர் சொல்லும் சாபுதாணாவும் அதனோடு சேர்ந்ததே. சிவப்பைச் சிகப்பென்றும் வழங்கும் நம் நாவுக்குக் ககரமும் வகரமும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருவது புதிதன்று; சவ்வரிசி என்னும் வடிவம் இன்றும் நம்மிடையே வழங்குகிறது. தென்னாட்டு மொழிகள் நான்கும், தமக்குள் கலந்து பேசியவைபோல, வந்த பொருளை அரிசியென்றே அழைத்தன. உண்ணத்தக்க வெண்மணி எதுவாயினும் அதற்கு அரிசியின் பெயரைச் சூட்டுவதே இந்நாட்டு உபசாரம் போலும்.

அக்காலத்து ஜவ்வரிசி மலாய்த் தீவுகளின் சாகுப்பனையிலிருந்து வந்தது. பூக்கும் தறுவாயில் மரத்தை வெட்டி, உட்சோற்றைச் சுரண்டி, நீரில் அலசி எடுத்த மாவை மணிகளாக்கிச் சிங்கப்பூர் வழியே அனுப்பினர். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகவே அவ்வழி அடைபட்டது. பின்னர், 1943ஆம் ஆண்டளவில் சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். ஆதியில் துணித்தொட்டிலில் மாவை இட்டுக் குலுக்கியே குருணை திரட்டினராம். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

மரவள்ளியும் நம் நாட்டுப் பயிரன்று. தென்னமெரிக்காவில் பிறந்து கடல்கடந்து வந்த அதனைத் திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்ச நிவாரணமாகப் பரப்பினார். வள்ளி என்பது மலைவாழ்நர் தொன்றுதொட்டு அகழ்ந்துண்ட கொடிக்கிழங்கு. புதிதாக வந்த செடி கொடியாகப் படராமல் நிமிர்ந்து நின்றமையால் மரவள்ளியாயிற்று. தண்டை முழம் முழமாக நறுக்கி நடுவதால் குச்சிக்கிழங்கு என்பாரும் உண்டு. உழவன் கண்ணில் பட்டதை அப்படியே சொல்லும் இப்பெயரே எனக்கு மிகவும் உவப்பானது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கல்வராயன் மலைச்சரிவுகளில் இன்று வெள்ளிமலையைச் சூழ்ந்தும் சின்னசேலம் சமவெளியிலும் இக்குச்சிகள் ஏராளமாக நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் லாரிகள் கிழங்கேற்றி ஆலைகளுக்குச் செல்கின்றன. அங்கே அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவைக் குருணையாக்கி, வறுத்துக் களத்தில் காயவைக்கின்றனர். பால் பிழிந்து எஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குச் செல்கிறது.

அவ்வாலைகளை இப்பகுதி மக்கள் சேகோ பேக்டரி என்றே அழைக்கின்றனர். அதே மலாய்ச் சொல் ஆங்கிலத்தின் வழியே மறுமுறை வந்து வாயிற்பலகையில் ஏற, முதலில் வந்த வடிவம் உள்ளே மூட்டையில் இருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது, தொழிலாளர் பல்லாண்டு உழைப்புக்குக் கிடைத்த நியாயமான கௌரவமாகும்.

வடகமும் பாயசமும் மட்டுமே அறிந்திருந்த வீடுகளில் இப்போது விடுமுறைப் பலகாரமாக, மராத்தியர் விரதநாளில் உண்ணும் கிச்சடியும் நுழைந்துவிட்டது. ஊறிய மணியோடு வேர்க்கடலைப்பொடியும் உருளைக்கிழங்கும் கலந்து தாளித்தெடுக்கும் அவ்வுணவை முதன்முறை செய்வோர், கடையில் நைலான் ஜவ்வரிசியை வாங்காமல் மாவு ஜவ்வரிசியைக் கேட்டு வாங்குதல் வேண்டும். முன்னது கூழாகிவிடும், பின்னதோ அளவான நீரில் ஊறினால் சோற்றுப்பருக்கைபோல் உதிரியாக நிற்கும்.