டெக்சாசில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துதல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரி 1 அன்று ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையிலோ தோள் உறையிலோ பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு பொது இடங்களில் நடமாட அது அனுமதித்தது. பழைய டெக்சாஸ் மரபு திரும்பி வந்துவிட்டது என்று ஆதரவாளர்கள் பலர் மகிழ்ந்தனர். உண்மையில் அதற்கு முன் ஏறக்குறைய 145 ஆண்டுகளாக, சாதாரணக் குடிமக்கள் அப்படித் தெருவில் நடப்பது அங்கே குற்றமாக இருந்தது. அன்று உயிருடன் இருந்த டெக்சாஸ் மக்களில் எவருக்கும் அத்தகைய உரிமை அதற்கு முன் இருந்ததில்லை.

கௌபாய் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். ஆனால் திரைப்படங்கள் காட்டும் அதே காலத்திலேயே மேற்குப் பகுதி நகரங்கள் பல துப்பாக்கிகளைத் தடைசெய்திருந்தன. டெக்சாசிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்கள் கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியை அடைந்ததும், துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று எழுதிய பலகையைத்தான் முதலில் கண்டனர்.

டெக்சாசின் தடை உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய குழப்பத்தில் பிறந்தது. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மீதும் அவர்களை ஆதரித்த வெள்ளையர்கள் மீதும் ஆயுதக் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. 1868இல் மாநில அரசியலமைப்பு மாநாட்டின் குழு ஒன்று, மூன்றாண்டுகளில் நடந்த 900க்கும் மேற்பட்ட கொலைகளைக் கணக்கெடுத்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எட்மண்ட் டேவிஸ் ஆளுநராக இருந்தபோது, 1871 ஏப்ரலில் ஆயுத ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. கைத்துப்பாக்கி, குத்துவாள், கைத்தடிக்குள் மறைந்த வாள் போன்றவற்றை உடலிலோ குதிரைச் சேணத்திலோ சேணப் பையிலோ கொண்டுசெல்ல அது தடை விதித்தது. முதல் குற்றத்துக்கு 25 முதல் 100 டாலர் வரை அபராதம் உண்டு, ஆயுதமும் பறிமுதலாகும். சொந்த வீடு, வணிக இடம், காவலர்கள், பயணிகள், உடனடித் தாக்குதலுக்கு அஞ்சுவோர் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. பயணி என்பவர் யார் என்பதை முடிவுசெய்யவே நீதிமன்றங்கள் பிற்காலத்தில் பல வழக்குகளை விசாரிக்க நேர்ந்தது.

டேவிசை வெறுத்த ஜனநாயகக் கட்சியினர் 1874இல் ஆட்சிக்குத் திரும்பி அவரது ஏற்பாடுகள் பலவற்றைக் கலைத்தனர். இந்தத் தடையை மட்டும் கலைக்கவில்லை. மாறாக, குற்றங்களைத் தடுக்க ஆயுதம் தரிப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதிவைத்தனர். டெக்சாசின் மரபு எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தடையை அசைத்தது 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபீஸ் உணவகத்தில் நடந்த படுகொலை. 23 பேர் கொல்லப்பட்டனர். தாயையும் தந்தையையும் அங்கே இழந்த சுசான்னா ஹப், சட்டத்துக்குப் பயந்து தம் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்ததாகக் கூறினார். அவரது சாட்சியம் நாடெங்கும் எடுபட்டது. பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் 1993இல் தளர்வுக்கான மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரை வென்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 1995இல் உரிமத்துடன் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போதும் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது.

இதில் ஒரு விந்தை உண்டு. பழைய தடை கைத்துப்பாக்கிக்கே உரியது. ரைபிளை வெளிப்படையாக ஏந்த உரிமமே தேவையில்லை. இந்த முரண்பாட்டைக் காட்டவே 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஆர்வலர்கள் தோளில் ரைபிளுடன் உணவகங்களுக்குள் சென்றனர். குடும்பத்தோடு சாப்பிட வந்தவர்கள் அஞ்சினர். சில உணவக நிறுவனங்கள் துப்பாக்கியுடன் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. தேசிய ரைபிள் சங்கமே இத்தகைய நடத்தையை விசித்திரமானது என்று கண்டித்தது. தன் ஆதரவாளர்கள் சினந்ததும் சில நாட்களிலேயே அக்கருத்திலிருந்து விலகிக்கொண்டது.

2015இல் சட்டமன்றத்தில் சூடான விவாதம் நடந்தது. இடுப்பில் துப்பாக்கி தெரிகிறது என்பதற்காக மட்டும் காவலர் ஒருவரை நிறுத்தி உரிமத்தைக் கேட்கலாமா என்பதே கடினமான சிக்கலாக இருந்தது. கேட்கக் கூடாது என்றால் உரிமம் இல்லாதவரைக் கண்டுபிடிப்பது எப்படி? கேட்கலாம் என்றால் குற்றமே செய்யாதவரை நிறுத்துவது எந்த நியாயத்தில்? கேட்பதைத் தடைசெய்யும் திருத்தம் முதலில் சேர்க்கப்பட்டு, காவல்துறையினரின் எதிர்ப்பால் இறுதி வடிவத்தில் நீக்கப்பட்டது. ஆளுநர் கிரெக் அபோட் ஜூன் மாதம் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் வைத்து அச்சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சுமார் 9 லட்சம் உரிமதாரர்கள் இருந்தும், நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலோர் முன்போலவே மறைத்தே எடுத்துச் சென்றனர். தனியார் இடங்களின் உரிமையாளர்கள் தடை விதிக்கச் சட்டம் வழிசெய்திருந்தது. அதற்கான அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில் இருக்க வேண்டும். ஹெச்-இ-பி மளிகைக் கடைகளும் வாட்டாபர்கர் உணவகங்களும் வெளிப்படையாக ஏந்தி வருவதை ஏற்கவில்லை.

2016 ஜூலை 7 அன்று டல்லஸ் நகரில் காவல்துறைக்கு எதிரான கண்டனப் பேரணி ஒன்றின்போது ஐந்து காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேரணியில் சிலர் சட்டப்படியே ரைபிள் ஏந்தியிருந்தனர். அவர்களில் ஒரு கறுப்பின ஆணின் படத்தைக் காவல்துறை சந்தேக நபர் என்று வெளியிட்டது. அவருக்குக் குற்றத்துடன் தொடர்பே இல்லை. சுடுபவர் யார், உரிமையைப் பயன்படுத்துபவர் யார் என்று கூட்டத்தில் பிரித்தறிய முடியாமற்போனதை நகர மேயரும் காவல்துறைத் தலைவரும் வெளிப்படையாகவே பேசினர்.

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத்தால் விலக்கப்படாத எவரும் உரிமமும் பயிற்சியும் இன்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்றானது. வெளியே தெரியும் துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நீக்கப்படவில்லை.